டிகாஷன் இறங்காத வாரம்

நான் ரிட்டயர் ஆன மறுநாளே காபி இலாகாவை என் தலையில் கட்டிவிட்டு, மனைவி பேப்பரைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள். முதல் வாரத்தில் மூன்று நாள் டிகாஷன் இறங்கவே இல்லை. மற்ற நாளெல்லாம் டீத் தண்ணி நிறத்தில் இறங்கியது.

தப்பு நான் பொடியை அமுக்கியதில் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து, ஃபில்டரின் மேல் டப்பாவில் குவித்து மூன்று மேசைக்கரண்டி பொடி. டம்ளர் அடியால் இறுக்கி அமுக்கினேன், சிமென்ட் பூசின மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் அமுக்காமலே விட்டேன், ஊற்றின வேகத்தில் ஓடிவிட்டது. குடையை, அதாவது காம்பு வைத்த ஓட்டைத் தட்டை, பொடிமேல் வைத்து, காம்பைப் பிடித்து, பொடி சமமாகப் படியும்வரை லேசாக அழுத்தினால் போதும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அணைத்து, அரை நிமிடம் பொறுங்கள். முதலில் பொடி நனையும் அளவு மட்டும். உப்பி அடங்கியதும் மீதியைக் குடைமேல் வட்டமாக ஊற்றுங்கள். மொத்தம் 150 மில்லி. மூடிவிட்டுக் குளிக்கப் போங்கள். இருபது நிமிடம் ஆகும். நடுவில் வந்து ஃபில்டரைத் தட்டினால் வண்டல்தான் இறங்கும்.

அப்படியும் இறங்காவிட்டால் ஓட்டை அடைத்திருக்கிறது. எவர்சில்வர் என்றால் காலி டப்பாவை இடுக்கியில் பிடித்து அடியைத் தீயில் காட்டுங்கள். அடைப்பு கருகி உதிரும். ஈயம் பூசிய பித்தளையில் இந்த வித்தை வேண்டாம், பூச்சு உருகிவிடும். ஊசிதான் கதி.

பொடி, பீபெர்ரி என்கிற உருண்டைக் கொட்டையும் பிளான்டேஷன் ஏ என்கிற பெரிய தட்டைக் கொட்டையும் பாதிப் பாதி, சிக்கரி 20 சதவீதம். வாரத்துக்கு 200 கிராம், கண்ணெதிரே அரைத்து. சிக்கரி வேண்டவே வேண்டாம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது அந்த வேர்தான். அது இருந்தால்தான் டிகாஷன் கள்ளிச்சொட்டாக விழும். பாக்கெட் வாங்குகிறவர்கள் அட்டையைப் படியுங்கள்; 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது.

பாலில் தண்ணீர் சேர்க்காதீர்கள். பொங்கி வந்தவுடன் இறக்கி, கால் டம்ளர் டிகாஷன்மேல் ஊற்றி, டபராவில் இரண்டு ஆற்று. டிகாஷன் ஆறிப்போனால் அடுப்பில் ஏற்றாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள்.

அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு வருவது இரண்டாம் டிகாஷன். அது எனக்கு. முதல் டிகாஷன் பேப்பர் படிப்பவருக்கு.