பரணிலிருந்து இறக்கிய ஸ்பூல் மிஷின்

பெரிய சக்கரத்தில் சுற்றிய டேப் ஓடும் பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து எடுத்தவுடன் பிளக்கைச் சொருகாதீர்கள். நான் சொருகினேன். சரஸ்வதி பூஜையன்று துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, குடும்பமே சுற்றி நிற்க ஸ்விட்சைப் போட்டேன். பத்து எண்ணுவதற்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம், கருவாடு கருகின மாதிரி நாற்றம், கூடம் முழுக்கப் புகை. சுண்டல் கிண்ணத்தோடு நின்ற அம்மா, “ஒங்க சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து மடியில வெச்சுக் கொண்டாந்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மிஷின் மேல் தப்பில்லை. திருவிடைமருதூர் ஓட்டு வீட்டுப் பரணில் நாற்பது வருஷம் கிடந்தால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் உள்ளுக்குள் செத்துப் போயிருக்கும். எடுத்த எடுப்பில் 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? கும்பகோணத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்த பாய் ஒருவர்தான் சீரிஸ் பல்பு கட்டச் சொல்லிக் கொடுத்தார். மெயின்ஸ் லைனில் 100 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள், எல்.இ.டி. உதவாது. பல்பு ஒரு தரம் மின்னி மங்கினால் பயமில்லை. பிரகாசமாகவே நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். “மொதல்ல பல்பு சொல்றதக் கேளு தம்பி, மிஷின் சொல்றத அப்புறம் கேக்கலாம்” என்பார் பாய்.

கண்டன்சர் மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதேதான் இருக்கவேண்டும், வோல்ட் அதேயோ கூடவோ இருக்கலாம், பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மெயின்ஸுக்குக் குறுக்கே நிற்கும் கண்டன்சருக்கு ‘எக்ஸ்2’ என்று அச்சடித்தது மட்டுமே ஆகும். கண்ணாடிக் குழாய் வால்வு செட்டாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

ஆனால் முக்கால்வாசி வேலை கரண்டில் இல்லை, ரப்பரிலும் கிரீஸிலும்தான். பின்மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டேன், திருவையாற்று அசோகா அல்வாவை விரலால் வழித்த மாதிரி வந்தது. ரப்பர் உருகிக் கருப்புப் பிசினாகிவிட்டது. அது துணியில் பட்டால் போகாது, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டுத் துடைக்கவேண்டும். செல்போன் ரிப்பேர் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும். புல்லியில் துளி பிசின் மிஞ்சினாலும் ராகம் ஆடும். பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 சதவீதம் குறைவான சுற்றளவில் புது பெல்ட் வாங்குங்கள். நெம்புகோல்களில் கிரீஸ் மெழுகாய் இறுகியிருக்கும், அதையும் வழித்தெடுத்துவிட்டுப் புதிது தடவுங்கள். டேப்பை இழுத்து ஓட்டும் தண்டான கேப்ஸ்டனின் பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் அது உறைந்து நிற்கும்போது மிஷினைத் திட்டுவார்கள்.

டேப்பை அழுத்திப் பிடிக்கும் பின்ச் ரோலரை ஆல்கஹாலில் ஊறவைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். கண்ணாடி மாதிரி பளபளத்திருந்தால் மிக நைஸான உப்புத்தாளால் லேசாக ஒரு சுற்று. டேப் உரசிப் போகும், ஒலியைப் பதிந்து படிக்கும் ஹெட்டைப் பஞ்சுக் குச்சியில் ஐ.பி.ஏ. தொட்டுத் துடையுங்கள். பஞ்சில் செம்மண் நிறம் வருவது நிற்கும்வரை துடைக்கவேண்டும். நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டினால் ஹெட் தேய்ந்திருக்கிறது. பிறகு ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர். டேப்புகளை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டு, மிஷினை அணைத்து, டீமேக்னடைசரை ஒரு கை தூரத்தில் ஸ்விட்ச் போட்டு, மெதுவாக ஹெட்டருகே கொண்டுவந்து, மெதுவாக விலக்கி, தூரத்தில் வைத்தே அணைக்கவேண்டும். பக்கத்தில் வைத்து அணைத்தால் இருந்ததைவிடக் கூடுதலாகக் காந்தம் ஏறிவிடும்.

வேகத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தம்புராவைப் பதிந்து அதே மிஷினில் போட்டுக் கேட்டு, சுருதி சரி என்கிறார்கள். பதியும்போது மெதுவாக ஓடியது கேட்கும்போதும் மெதுவாகத்தானே ஓடும்? அந்தச் சோதனையில் ஆட்டம் தெரியும், அளவு தெரியாது. மொட்டை மாடியில் டேப்பைப் பிரித்து 37 அடி 6 அங்குலத்துக்கு இரண்டு அடையாளம் போடுங்கள். நொடிக்கு 7½ அங்குல வேகத்தில் அது சரியாக 60 நொடியில் ஹெட்டைக் கடக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த மிஷின் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 117 வோல்ட் கொடுத்தும் தீராது. அவர்கள் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. ஏசி மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், 5 கட்டை சுருதியில் பாடினவர் 3 கட்டையில் பாடுவார். அதற்கு 50 ஹெர்ட்ஸ் கேப்ஸ்டன் உறையோ புல்லியோ தேடவேண்டும்.

டேப்புக்குப் பிரான்சின் ரெக்கார்டிங் தி மாஸ்டர்ஸ் நிறுவனம் தயாரிக்கும் எல்பிஆர்35 வீட்டு மிஷின்களுக்குப் பொருந்தும். 7 அங்குல ஸ்பூலில் 1,800 அடி, 7½ வேகத்தில் ஒரு பக்கம் 48 நிமிஷம். விலை வயிற்றைக் கலக்கும். பழைய டேப் கையில் இருந்தால் ஸ்பூலை வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் டேப், அதைச் சூடு காட்டவே கூடாது. ஓடும்போது கிறீச்சிட்டு ஹெட்டில் பழுப்புப் பிசுக்கை அப்பினால் அப்போதே நிறுத்துங்கள். எங்கள் அப்பாவின் தவில் தனி ஒன்றை நான் நிறுத்தாமல் ஓட்டி, முதல் நாலு நிமிஷத்தைத் தொலைத்தேன்.

பதிவுக்கு வருவோம். எதிர்வீட்டு நாகஸ்வர அண்ணனை முற்றத்தில் உட்காரவைத்தேன். மைக்கைக் குழலின் வாய்க்கு நேரே வைக்காமல் எட்டடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தேன். தவில் அடிக்கு மீட்டரில் நகரும் முள்ளை நம்பவேண்டாம். ஒலியின் அளவு காட்டும் வி.யூ. மீட்டர் மந்தம், கூடு போட்ட விரலின் அடி வந்துபோன பிறகுதான் நகரும். நாகஸ்வரத்துக்கு முள் 0 தொடலாம், தவில் சேர்ந்தால் மைனஸ் 6-ல் நிற்கட்டும். அழிக்க, பதிய, கேட்க என்று தனித்தனியாக மூன்று ஹெட் உள்ள மிஷினில் டேப் என்ற பக்கம் ஸ்விட்சைத் தள்ளி, பதிந்ததையே கேட்டுக்கொண்டு பதியலாம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து உட்காராதீர்கள், பக்கத்து வயல் போர்செட் மோட்டார் உங்கள் தோடியில் சேர்ந்து உறுமும்.

முடிந்ததும் வேகமாகப் பின்னோக்கிச் சுற்றாமல் டேப்பின் வால், அதாவது பதிவின் கடைசி முனை, வெளியே இருக்கும்படியே டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு பீரோவில் நிறுத்திவையுங்கள். டப்பா மேல் பென்சிலால் தேதி, ராகம், வேகம், டிராக். என் முதல் டப்பாவில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு: “12-வது நிமிஷம் பால்காரர் மணி.”