ஈரல் வியாதியோட இரும்பும் ஏறிப்போச்சா? எங்க வீட்ல எப்படி இறக்கினோம்னு சொல்றேன்

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பெரிட்டின் (உடம்புல சேந்திருக்க இரும்ப காட்டற ரத்த டெஸ்ட்) 1140. லேப் பேப்பர்ல நார்மல்னு போட்டிருந்தது 300 வரைக்கும்தான். இப்போ 160ல நிக்குது. பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்துக்கிட்டு இதை எப்படி இறக்கினீங்கன்னு சொந்தக்காரங்க ஆளாளுக்கு போன் போட்டு கேக்கறாங்க, சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல. ஃபேட்டி லிவர்னா என்ன, ஈரல் சுருக்கம்னா என்னன்னெல்லாம் இங்க சொல்லப்போறதில்ல, இதைத் தேடி வந்திருக்கீங்கன்னா அதெல்லாம் ஏற்கனவே தெரிஞ்சு நொந்து போயிருப்பீங்க.

ஸ்டெப் 1: பெரிட்டின் ஒண்ண மட்டும் பாத்து பயந்துடாதீங்க

காய்ச்சல் வந்தா ஏறும், சுகர் இருந்தா ஏறும், குடிச்சா ஏறும், ஈரல்ல கொழுப்பு இருந்தாலே ஏறும். உடம்புல இரும்பு நெசமாவே ஜாஸ்தியா இருக்கான்னு பாக்கணும்னா சீரம் அயர்ன் (ரத்தத்துல ஓடற இரும்பு), டிஐபிசி (ரத்தத்தால மொத்தமா எவ்வளவு இரும்ப தூக்க முடியும்ங்கற அளவு) ரெண்டும் சேத்து எடுக்கணும். காலைல வெறும் வயித்துல, காய்ச்சல் சளி இல்லாதப்போ, ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்ல. லேப் மாத்தி மாத்தி எடுத்தா ஏறுதா இறங்குதான்னே புரியாது.

சாச்சுரேஷன் சதவீதம், அதாவது அந்த மொத்த அளவுல எவ்வளவு இரும்பு நெரம்பியிருக்குங்கறது, சில லேப்ல போட்டுத் தர மாட்டாங்க. போன்லயே கணக்கு போட்டுக்கலாம், சீரம் அயர்ன டிஐபிசியால வகுத்து நூறால பெருக்கணும். அவருக்கு 168, 290, ஆக 58 சதவீதம் கிட்ட. 45க்கு மேல போனாத்தான் டாக்டருங்க இரும்பு சேந்திருக்குமோன்னு சந்தேகப்படுவாங்க. இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. ரத்தத்துல இரும்ப தூக்கிட்டு போற புரதத்தையே ஈரல்தான் தயார் பண்ணுது, ஈரல் ரொம்ப கெட்டுப்போனவங்களுக்கு அது கம்மியாயிடும், டிஐபிசி கீழ வரும், அதனாலயே சதவீதம் பெருசா தெரியும். அதான் எங்கள தஞ்சாவூர் அனுப்பி எம்ஆர்ஐ எடுத்து ஈரல்ல எவ்வளவு இரும்பு படிஞ்சிருக்குன்னு பாத்தாங்க.

சாச்சுரேஷன் நார்மல், பெரிட்டின் மட்டும் ஜாஸ்தின்னு வந்தா முக்கால்வாசி அது கொழுப்பு ஈரலோட வேலை. எடையும் சுகரும் குறைஞ்சா அதுவும் குறையும், ரத்தம் எடுத்து பெருசா பிரயோஜனம் இல்லன்னு டாக்டர் சொன்னாரு.

ஸ்டெப் 2: நீங்களே என்னத்த ஊட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு பாருங்க

நான் வசமா மாட்டினது இங்கதான். அவரு எப்பவும் அசதியா இருப்பாரு, மூஞ்சி வெளுத்த மாதிரி தெரியும். நம்ம ஊர்ல அசந்து உக்காந்தா என்ன சொல்லுவோம், ரத்தம் இல்லன்னுதானே. ஹீமோகுளோபின் 14 இருந்துச்சு, அதை யாரு பாத்தா. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஆட்டு சுவரொட்டி, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஈரல், தினம் பேரீச்சம்பழம், காலைல ஈரலுக்கு நல்லதுன்னு நெல்லிக்கா ஜூஸ், மெடிக்கல்ல ரத்தம் ஊறுற டானிக், இது பத்தாதுன்னு தெரிஞ்சவங்க குடுத்த அன்னபேதி செந்தூரத்த தேன்ல குழைச்சு வேற குடுத்துக்கிட்டு இருந்தேன். டாக்டர் என்னென்ன சாப்பிடறாருன்னு கேட்டப்போ பெருமையா சொன்னேன். அவரு பேனாவ கீழ வச்சுட்டாரு.

அன்னபேதின்னாலே இரும்பு உப்புதான். அயச்செந்தூரம், மண்டூரம் எல்லாமே இரும்புல செய்யறது. சோகை இருக்கவங்களுக்கு குடுக்கற மருந்து அது, இரும்பு ஏறிப்போன ஈரலுக்கு இல்ல. டானிக் பாட்டில திருப்பி பாத்தா பொடி எழுத்துல ஃபெரஸ், ஃபெரிக்னு ஏதாவது இருக்கும், சத்து மாத்திரைலயும் இருக்கும். வைட்டமின் சி சாப்பாட்டுல இருக்க இரும்ப இழுத்து உள்ள விடும், அதனால சி மாத்திரையும் ஜூஸும் கட். பழமா சாப்பிடறத டாக்டர் ஒண்ணும் சொல்லல. உடம்புக்கு இரும்ப வெளிய தள்ள தனியா வழியே கிடையாது, தோல் உதிர்றது அது இதுன்னு ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான் போகும். உள்ள போனது போனதுதான்.

அதனால வீட்ல இருக்க அத்தன டப்பாவையும் மாத்திரையையும் ஒரு மஞ்சப்பைல போட்டு டாக்டர்கிட்டயே கொண்டு போயிடுங்க. பேர் எழுதிட்டு போறேன்னா ஒண்ணு விட்டுப்போகும்.

பயந்துக்கிட்டு நான் அடுத்து பண்ணின தப்பு, முருங்கக்கீரை, முட்டை, மீன் எல்லாத்தையும் நிறுத்தினது. ரெண்டு மாசத்துல கை கால் சூம்பிப்போச்சு. கீரைல இருக்க இரும்பு கொஞ்சம்தான் உடம்புல சேரும், ஈரல் சுருக்கம் இருக்கவங்களுக்கு புரதம் கண்டிப்பா வேணும். சுவரொட்டி, ஈரல், ரத்தப் பொரியல், இந்த மூணும் வேண்டாம். முட்டையும் மீனும் திரும்ப வந்தாச்சு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஏதாவது கொஞ்சம் சாப்பிடணும்னும் சொல்லியிருக்காங்க.

ஸ்டெப் 3: குடி

நிறுத்தணும். குடல்ல இரும்புக்கு பூட்டு போடற ஹார்மோனே ஈரல்லேர்ந்துதான் வருது, சாராயம் அந்தப் பூட்ட ஒடைச்சுடும். அவரு குடிய விட்டு, நானும் செந்தூரத்த நிறுத்தி மூணு மாசத்துல, ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமயே 1140 வந்து 640 ஆச்சு.

ஸ்டெப் 4: சட்டியும் டீயும்

வத்தக்குழம்ப இரும்புச் சட்டில வச்சாத்தான் ருசி, எனக்கும் தெரியும். ஆனா புளி சேத்து மணிக்கணக்கா கொதிக்கறப்போ சட்டி இரும்பு குழம்புல இறங்கிடுது. நான் மண்சட்டிக்கு மாறிட்டேன், எவர்சில்வரவிட இதுதான் என் ஓட்டு, அடிப்பிடிக்காது. தோசைக்கல்ல மாத்தல, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடறோம்.

சாப்பாட்டோட சேத்து கட்டாங்டீ குடிச்சா இரும்பு சேர்றது குறையும். காபியும் கொஞ்சம் குறைக்கும், ஆனா டீ அளவுக்கு இல்ல. கும்பகோணம் டிகிரி காபிக்காரங்க மன்னிச்சுக்கோங்க.

ஸ்டெப் 5: ரத்தம் எடுக்கறது

மிச்சத்த இறக்கினது இதுதான். ஊசி குத்தி 350 மில்லி எடுப்பாங்க, கிட்டத்தட்ட 170 மில்லிகிராம் இரும்பு அதோட போயிடும். மாசம் ஒண்ணுன்னு அஞ்சு தடவை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் முன்னாடியே ஹீமோகுளோபின் பாத்தாங்க. ஈரல் முத்திப்போனவங்க, ரத்தம் கம்மியா இருக்கவங்க, வயித்துல தண்ணி சேந்தவங்களுக்கெல்லாம் இது ஒத்துக்காம போகலாம், டாக்டர்தான் முடிவு பண்ணணும். ரத்ததான முகாம்ல போய் குடுத்துட்டு வந்துடலாமேன்னு இவரு கேட்டாரு. ஈரல் வியாதி இருக்கவங்க ரத்தத்த தானமா வாங்க மாட்டாங்க, மறைச்சு குடுக்கறதும் பாவம். டாக்டர் சீட்டோட ஆஸ்பத்திரிலதான் எடுக்கணும். இரும்ப கட்டி வெளியேத்தற மாத்திரையும் இருக்கு, அதுல சிலது ஈரலையே பதம் பாத்துடும்னு எங்களுக்கு குடுக்கல.

பின்சேர்க்கை: ரேஷன் அரிசி சாப்பிடலாமான்னு நிறைய பேர் கமெண்ட்ல கேட்டிருக்கீங்க. நாங்க சொந்த வயல் நெல்ல அரைச்சு சாப்பிடறதால எனக்கு இது தோணவே இல்ல. ரேஷன்ல செறிவூட்டின அரிசி வந்தா, அதுல நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சத்து அரிசி கலந்திருப்பாங்க (பிளாஸ்டிக் அரிசின்னு ஊர்ல பயந்தாங்களே, அதேதான், அது பிளாஸ்டிக் இல்ல). கிலோவுக்கு 28லேர்ந்து 42.5 மில்லிகிராம் வரைக்கும் இரும்பு. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி பொங்கினா 8லேர்ந்து 13 மில்லிகிராம் கணக்கு வருது, சேர்றது அதுல கொஞ்சம்தான். மத்தவங்களுக்கு நல்லது, சாச்சுரேஷன் ஏறினவங்க டாக்டர கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, வேளாங்கண்ணி போனா கடல்ல இறங்கலாமான்னு ஒரு அக்கா கேட்டாங்க. கால்ல புண்ணு, வெட்டுக்காயம் இருந்தா இறங்க விடாதீங்க. கடல் தண்ணில ஒரு பாக்டீரியா இருக்கு, விப்ரியோ வல்னிபிகஸ்னு பேரு, ஈரல் கெட்டு இரும்பு ஏறின உடம்பு கெடைச்சா உயிருக்கே உலை வச்சுடும். நண்டு, சிப்பி எல்லாம் அரைவேக்காட்டுல வேண்டவே வேண்டாம், நல்லா கொதிச்சு வெந்ததுதான். நண்டு கழுவற வேலையையும் அவருகிட்ட குடுக்கறதில்ல, ஓடு கையக் கீறிடும்னு.