ஒகேனக்கல் அருவியோடு திறக்கும் உபுண்டு

தர்மபுரிப் பள்ளி ஆய்வகக் கணினிகளில், உபுண்டு இயங்குதளத்தைத் துவக்கும் நிரலான கிரப்பின் மெனுவுக்குப் பின்னால் ஒகேனக்கல் தெரிய, 1920×1080 அளவுப் படத்தை பூட் அடைவின் கிரப் அடைவில் போட்டு, சூடோவோடு, அதாவது நிர்வாகி உரிமையோடு, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள். உபுண்டு மட்டும் உள்ள கணினியில் மெனு ஒளிந்திருக்கும். கிரப்பின் அமைப்புக் கோப்பில் டைம்அவுட் ஸ்டைலை மெனு என்றும் டைம்அவுட்டை 5 என்றும் முதலில் மாற்றுங்கள். புரோகிரெசிவ் ஜேபெக் வேண்டாம், கிரப் அதைப் படிக்காது.

பலரும் தடுமாறுவது பள்ளிச் சின்னத்தில்தான். தொடக்கத் திரையைக் காட்டும் பிளைமவுத் நிரலின் ஸ்பின்னர் தீமில், சின்னமாகத் தெரியும் வாட்டர்மார்க் படத்தை நேரடியாக மாற்றினால், அப்டேட் வந்ததும் பழைய சின்னம் திரும்பிவிடும். அடைவையே வேறு பெயரில் நகலெடுத்து, நகலில் வாட்டர்மார்க் படத்தை மாற்றி, தீம் கோப்பின் பெயரையும் உள்ளே உள்ள படப் பாதையையும் திருத்தி, அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் புதிய தீமைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை மைனஸ் யு சேர்த்துக் கட்டாயம் ஓட்டுங்கள். தொடக்கத் திரை, துவக்கத்தின்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குள்ளிருந்துதான் படத்தை எடுக்கிறது. சின்னத்தின் பின்னணி ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். இல்லையென்றால் கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டம் துருத்தும்.