எட்டு போட்டாச்சு, பிரேக் பிடிக்க எங்கே பழகுவது?

பைக் டெஸ்டில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் வைத்திருக்கத் தெரிகிறதா என்பதைத்தான் அந்த எட்டு சோதிக்கிறது. அறுபதில் போகும்போது குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தால் எப்படி நிறுத்துவீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நான் கோவையில் மெடிக்கல் ரெப். பொள்ளாச்சி, உடுமலை, வால்பாறை என்று பொழுதெல்லாம் வண்டி மேல்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லித்தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் பிரேக், அப்புறம் வளைவு. காசு கட்டிப் போகிற வகுப்பெல்லாம் அதற்குப் பிறகு.

பழக இடம் வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் சைட் பிரித்துத் தார் ரோடும் போட்டுவிட்டு, வீடே எழும்பாமல் கிடக்கிற லேஅவுட்கள் நிறைய. வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுவார். தனியாகப் போகாதீர்கள். நாய், மாடு, சைக்கிளில் வரும் குழந்தை யாராவது வந்தால் கைகாட்ட ஒருவர் வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டை வாரை மாட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஷூ, கிளவுஸ், கெட்டியான ஜீன்ஸ், முழுக்கை ஜாக்கெட். செருப்போடு வருகிறவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வண்டியைக் கிளப்புமுன் டயரில் காற்று பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். செயின் தளர்ந்திருந்தால் சரி செய்துவிட்டு வாருங்கள். அவ்வளவு போதும்.

முதல் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச் பாதிப் பிடியில், ஆக்சிலேட்டர் ஒரே அளவில். வேகத்தைக் குறைக்கப் பின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்துங்கள், இந்த வேகத்தில் முன் பிரேக் வேண்டாம். ரோட்டின் அகலத்துக்குள்ளேயே யூ டர்ன் எடுத்துப் பாருங்கள். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் கால் தானாகக் கீழே போகும். திரும்பி எங்கே போக வேண்டுமோ, அந்த இடத்தைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் வண்டி சுற்றி வந்துவிடும்.

இனி பிரேக். இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்று சொல்லியே பலரையும் வளர்த்திருக்கிறார்கள். அதனால் அவசரத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பார்கள், சக்கரம் லாக் ஆகி, அதாவது சுழலாமல் நின்று வழுக்கி, வண்டி வால் ஆட்டிக்கொண்டே போகும். உண்மையில் வேகம் குறையும்போது பாரமெல்லாம் முன்னால் வந்து முன் டயரைத் தரையோடு அழுத்துகிறது, பின் டயர் லேசாகிறது. ஆக, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் பாரம் முன்னால் வந்து சேரக் கண நேரம் ஆகும். அதற்குள் லிவரை வெடுக்கென்று இழுத்தால்தான் முன் சக்கரம் லாக் ஆகிறது. முதலில் தொட்டு, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக்) அமுங்குவதைக் கையால் உணர்ந்து, அதன் பிறகு இறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

ரோட்டில் கோலமாவால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். முப்பதில் வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொடும்போது பிரேக்கைத் தொடங்குங்கள். நின்ற இடத்தில் கூட வந்தவர் சாக்பீஸால் ஒரு கோடு கிழிக்கட்டும். முதலில் பின் பிரேக் மட்டும், அடுத்து முன் பிரேக் மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து. மூன்று கோடுகளையும் நின்று பாருங்கள். பின் பிரேக் கோடு எங்கோ தூரத்தில் கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்தவருக்கு நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும்போது கண் நேராகத் தூரத்தில், கிளட்ச் பிடித்தபடி, கியர் ஃபர்ஸ்டுக்கு வந்திருக்க வேண்டும், இடது கால் மட்டும் தரையில். பின்னால் லாரி வந்தால் உடனே நகர்ந்தாக வேண்டுமே. நாலைந்து முறை ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் நாற்பதுக்குப் போகலாம்.

125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலில் இருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலில் இருந்தும் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் கருவி, கட்டாயம். அது வேலை செய்யும்போது லிவர் கையில் படபடவென்று துடிக்கும். பழகாதவர்கள் பயந்து விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது, பிடித்தபடியே இருங்கள். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பின் சக்கரம் லாக் ஆகலாம். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம் லாக் ஆனால் சட்டென்று விட்டு, மறுபடி மெல்லத் தொடங்க வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், கணக்கைப் பாருங்கள். அறுபதில் ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடிவிடுகிறீர்கள். பார்த்து, புரிந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள். காய்ந்த நல்ல தாரில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 37. எண்பதில் இதே கணக்கு 57 மீட்டரைத் தாண்டும்.

பிரேக் பிடிபட்டதும் விலகிப் போவதைப் பழகுங்கள். முப்பதுக்கு மேல் ஹேண்டில்பாரை ஸ்டீரிங் மாதிரி திருப்பி வண்டியை வளைப்பதில்லை. வலது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து வலப்பக்கம் போகும். இடதுக்கு இடது. சொன்னால் நம்ப மாட்டார்கள், ஒரே ஒருமுறை செய்து பார்த்தால் புரிந்துவிடும். பேப்பர் கப் ஒன்றை வைத்து அதை விலகிப் போங்கள். விலகும்போது பிரேக் வேண்டாம். பிடித்து முடித்து விலகுங்கள், இல்லையென்றால் விலகிவிட்டுப் பிடியுங்கள்.

வளைவுக்கு எங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆழியாறு – வால்பாறை ரோடுதான். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்சிலேட்டரைச் சீராகத் திறந்துகொண்டே வாருங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பஸ் ஏறி வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். பாறை மேல் வரையாடு நிற்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். பார்க்க வேண்டுமென்றால் இடம் பார்த்து நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் வந்த பிறகு காசு கொடுத்துக் கற்கலாம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த பந்தயத் தடம் இருக்கிறது, சுற்று 3.7 கிலோமீட்டர். அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் 1980-இல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் அங்கே பல வருடம் வகுப்பு நடத்தியிருக்கிறது. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமானது என்று நினைக்காதீர்கள். முதல் லெவலின் முதல் பாடமே ஆக்சிலேட்டரை எப்படித் திறப்பது என்பதுதான், அடுத்த பாடம் எந்த இடத்தில் திரும்பத் தொடங்குவது. பிரேக்கைத் தொடாமல், வேகத்தை முன்கூட்டியே கணித்து வளைவுக்குள் போகப் பழக்குகிறார்கள். நான் கற்றதில் வால்பாறை ரோட்டில் இன்றும் உதவுவது இதுதான். செலவு அதிகம், உடம்பு முழுக்க லெதர் சூட்டும் வேண்டும். வாடகைக்குக் கிடைக்குமா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். சென்னைப் பந்தய வீரர் ரஜினி கிருஷ்ணனின் அகாடமியும் ரேஸ் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு இருக்கிறது.

கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம். 1995-இல் மறைந்த கோவைக் கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் இருக்கும் தடம் அது, சுற்றளவு சுமார் 2 கிலோமீட்டர். நீளம் குறைவு, வளைவு அதிகம், ஆகவே நாம் தினமும் ஓட்டுகிற 150, 160 சிசி வண்டிகளுக்கு ரொம்பப் பொருத்தம்.

எனக்கு ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் மண் தடத்தைத்தான் சொல்வேன். 2015-இல் பாலைவனமும் மலையுமாக நாள்கணக்கில் ஓடும் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ், கோலார் பக்கம் பிக்ராக் டர்ட்பார்க் என்ற மண் தடத்தை நடத்துகிறார். மண்ணில் டயர் குறைந்த வேகத்திலேயே வழுக்கும். நின்றபடி ஓட்டி, இடுப்புக்குக் கீழே வண்டி ஆட, கை தளர்வாக இருக்கப் பழகுவீர்கள். அப்புறம் ரோட்டில் மணலோ ஈரமோ பட்டு வண்டி ஒரு அங்குலம் நகர்ந்தால் பதறி இறுக்க மாட்டீர்கள். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பெண்களுக்கான பாஜா (கரடுமுரடான தடத்தில் ஓடும் ராலி) உலகக் கோப்பையை வென்றதும் இந்த மாதிரி மண்ணிலும் மணலிலும்தான்.

எந்த வகுப்பானாலும் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு தனியாக உட்காரவைத்துப் பேசுவார்களா? ஆம்புலன்ஸ் தடத்திலேயே நிற்குமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.

முதலுதவியையும் எங்காவது முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு வகுப்பு நடத்துகிறது. விழுந்து கிடப்பவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள், கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம். 108-க்கு அழைத்துவிட்டு, வரும் வண்டிகளுக்குக் கைகாட்ட ஒருவரை நிறுத்துங்கள்.

டயர் மாற்றினால், பிரேக் பேட் மாற்றினால், வண்டியே மாற்றினால் மறுபடி லேஅவுட்டுக்குப் போய் முப்பதில் இருந்து தொடங்குங்கள். புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்கு வழுக்கும், அன்றைக்கு நாற்பதைத் தாண்ட வேண்டாம்.