லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட சென்னையில் பல வீடுகளில் லேப்டாப் ஒன்றுதான் இருக்கும். மகளின் கல்லூரி புராஜெக்ட், மகனின் வேலை விண்ணப்பங்கள், திருமணப் புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்தான். 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்களும் உண்டு. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு டிரைவ்) பொருத்தினால் அப்படிப்பட்ட பழைய இயந்திரமும் சுறுசுறுப்படையும். இதை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். ஆனால் பெரிய இழப்புகள் திருகைக் கழற்றும்போது வருவதில்லை. அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் "500 ஜிபி எஸ்.எஸ்.டி. கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது 2.5 அங்குல சாட்டா டிரைவ். 9.5 மி.மீ. தடிமனுக்கான இடத்தில் 7 மி.மீ. எஸ்.எஸ்.டி. ஆடும், அதற்கான பிளாஸ்டிக் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். புதியவற்றில் மெல்லிய பட்டை போன்ற எம்.2 வகை இருக்கும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். எம்.2 என்பது வடிவத்தை மட்டுமே குறிக்கும். டிரைவ் லேப்டாப்போடு பேசும் முறை வேறு: அந்த வடிவத்தில் பழைய சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. ஒன்றை மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் மற்றது வேலை செய்யாது. நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 அளவுகளும் விற்கின்றன. சில மாடல்களில் சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றும் பேச்சே இல்லை. தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் உங்கள் மாடலைத் தேடிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

குளோன் என்றால் பழைய டிரைவில் உள்ள அனைத்தையும் விண்டோஸோடு சேர்த்துப் புதியதற்கு அப்படியே பிரதியெடுப்பது. "குளோன் செய்யப்போகிறோமே, தனி நகல் எதற்கு?" என்று கேட்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குளோன் மென்பொருளில் மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தேர்ந்தெடுத்தால், காலி டிரைவின் வெறுமை உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும். அளவை வைத்து அடையாளம் காண்பவர்கள் கவனிக்க: 500 ஜிபி டிரைவ் விண்டோஸில் 465 ஜிபி என்றே தெரியும். இரண்டும் ஒரே அளவு என்றால் மாடல் பெயரைப் படியுங்கள். குளோன் ஓடும்போது சார்ஜரை இணைத்திருங்கள். பேட்டரியும் நிறைந்திருக்கட்டும், மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? நகல் எடுத்த டிரைவைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கக்கூடாது. முடிந்தால் ஒரு நகல் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

டிரைவில் இருப்பதை மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிரைவ் மறையாக்கம் தானாகவே இயக்கத்தில் இருக்கும். டிரைவை மாற்றிய பிறகு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால், அது இல்லாமல் கோப்புகளைத் திறக்க வழியில்லை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

திறக்கும் வேலை எளிது. காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றில் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். பொருந்தாத முனையால் திருகினால் தலை வழுக்கிவிடும். பி.எச்.0, பி.எச்.00 எனப்படும் கூட்டல்குறி வடிவச் சிறு முனைகளை வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கலாம். நீளம் வேறுபடும் என்பதால் எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள். மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் டிரைவைத் தொட வேண்டும். எம்.2 டிரைவைச் சாய்வாக நுழைத்து, அழுத்திப் படியவைத்துத் திருகுங்கள். வலு காட்ட வேண்டாம்.

விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது டிரைவே தெரியவில்லை என்றால் எஸ்.எஸ்.டி. பழுது என்று பதறாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்களில் ஆர்.எஸ்.டி. எனப்படும் இன்டெலின் சேமிப்பு டிரைவர் மென்பொருளை ஏற்றினால்தான் எஸ்.எஸ்.டி. தெரியும்.

பழைய டிரைவை உடனே அழிக்காதீர்கள். புதியதில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன என்று உறுதியாகும்வரை அப்படியே கிடக்கட்டும். பழைய ஹார்டு டிஸ்க்கை விற்பதாக இருந்தால் விரைவு ஃபார்மட் போதாது, கோப்புகளை மீட்டுவிட முடியும். அந்தத் தேர்வை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். டிரைவின் அளவைப் பொறுத்து மணிக்கணக்கில் ஓடும்.