லக்சர் கல்லறைகள்: காசும் நேரமும் வீணாகும் தவறுகள்

எகிப்தின் லக்சருக்கு முதல்முறை வருபவர்கள் தொப்பி, தண்ணீரெல்லாம் மறப்பதில்லை. கோட்டை விடுவது வேறு இடங்களில்.

மூன்று கல்லறைகளை யோசிக்காமல் தீர்ப்பது

பழைய எகிப்திய அரசர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்கில் அறுபதுக்கும் மேல் கல்லறைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பொது டிக்கெட்டுக்கு மூன்றுதான். பஸ்ஸில் இறங்கும் கூட்டம் வாசலுக்குப் பக்கத்திலுள்ள எண் 2, எண் 6 இரண்டிலும் வரிசைகட்டி நுழைகிறது. அடுத்து வரிசை குறைவான ஏதோ ஒன்றில் புகுந்து கணக்கை முடித்துக்கொள்கிறது. இவ்வளவு தூரம் வந்து இப்படிச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 2, 6 இரண்டும் 20-ஆம் அரசமரபின் நேர்க்கோட்டுக் கல்லறைகள், ஒன்று போதும்.

அரசமரபுக்கு ஒன்றாக எடுங்கள். 18-ஆம் மரபுக்கு அரசர் மூன்றாம் தூத்மோஸின் எண் 34. பாறை இடுக்கில் இரும்புப் படி ஏறி, பிறகு செங்குத்தாக உள்ளே இறங்க வேண்டும்; முட்டிவலிக்காரர்கள் தவிர்க்கலாம். உடலை வைத்த புதையறை முட்டை வடிவம். இரவின் பன்னிரண்டு மணி நேரத்தில் சூரியக் கடவுள் போகும் பயணம், பாப்பிரஸ் சுருளை விரித்து ஒட்டியதுபோலக் குச்சி உருவங்களாகச் சுவர் முழுக்க ஓடுகிறது.

அடுத்து எண் 11, எண் 14. இரண்டையும் சேர்த்தே பாருங்கள். 11-ஐத் தோண்டத் தொடங்கியவர் 20-ஆம் மரபின் முதல் அரசர் செத்நக்த். தோண்டிய ஆட்கள் பக்கத்துக் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு போய்விட, வேலை நின்றது. 19-ஆம் மரபின் ராணி தவ்செரெட்டின் 14-ஆம் கல்லறையை அவர் தனதாக்கிக்கொண்டார். மகன் மூன்றாம் ராமேசஸ் பிறகு 11-ஐத் தொடர்ந்தார். உடைத்த இடத்தில் நடைபாதை ஒரு பக்கமாக விலகி மறுபடி நேராகப் போவது இன்றும் தெரியும். 14-இல் புதையறைகள் இரண்டு. பள்ளத்தாக்கின் கோடியில் இருப்பதால் கூட்டமும் குறைவு.

திறந்திருப்பவை அவ்வப்போது மாறும். பட்டியலைப் பார்த்துவிட்டு நடங்கள். கைடு உள்ளே வந்து விளக்க அனுமதியில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதை வாசலிலுள்ள வரைபடப் பலகையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

துட்டன்காமுனுக்காகத் தனி டிக்கெட்

இந்த இளம் அரசரின் கல்லறையில் அவர் மம்மி இருக்கிறது, ஓவியம் புதையறையில் மட்டும். இங்கே கிடைத்த புதையல் கீசா அருங்காட்சியகத்தில். ஒரே ஒரு கூடுதல் டிக்கெட் என்றால் எண் 9, அதன் புதையறைக் கூரை ஓவியத்துக்காக. முதலாம் சேத்தியின் எண் 17 இன்னும் மேல், விலையும் மிக அதிகம். கூடுதல் டிக்கெட்டை நுழைவாயில் கவுன்டரிலேயே வாங்கிவிடுங்கள். உள்ளே போய் ஆசை வந்தால் வெயிலில் திரும்பி நடக்க வேண்டும்.

ரொக்கத்தை மட்டும் நம்புவது

பெரும்பாலான கவுன்டர்களில் கார்டுதான்.

ஹட்செப்சுட் கோயிலைப் பிற்பகலுக்குத் தள்ளுவது

பெண் அரசர் ஹட்செப்சுட்டின் இந்தக் கோயில் கிழக்கு பார்த்தது, முகப்பில் வெளிச்சம் விழுவது காலையில்தான். அப்போதே போங்கள்.

முதுகுப்பை

கல்லறைச் சுவர்களில் சாந்துப் பூச்சின் மேல் வண்ணம். பின்னால் இருப்பது உப்புள்ள பாறை. மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரம் அந்த உப்பைக் கரைத்து, காயும்போது படிகமாக்கி, பூச்சையே உரிக்கிறது. இதில் பை வேறு உரசினால் பெயர்ந்துதான் வரும். பையை முன்பக்கம் மாட்டி, எதிரில் ஆள் வந்தால் சுவரோடு ஒட்டாமல் அகலமான இடம்வரை பின்வாங்கி நில்லுங்கள்.