சமையலறைக்குப் புது சிங்க்: கடைக்குப் போகும் முன் மேடைக்கு அடியில் பாருங்கள்

சிங்க் வாங்கும்போது பளபளப்பும் ஆழமும்தான் முதலில் கண்ணில் படும். வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தும்போதுதான், சுவரிலுள்ள கழிவுக்குழாய் எட்டாத உயரத்தில் இருப்பது தெரியவரும். அதனால் முதலில் கழிவுக்குழாய், அடுத்து மேடை, பிறகு பாத்திரம், கடைசியில் கடை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: கழிவுக்குழாயின் உயரம்

மேடைக்கு அடியில் குனிந்து, கழிவுநீர் போகும் துளை எங்கே என்று பாருங்கள். தரையில் இருந்தால் கவலையில்லை, அடுத்த படிக்குப் போகலாம். அடுக்குமாடி வீடுகளில் அது பெரும்பாலும் சுவரில் இருக்கும். தரையிலிருந்து அந்தத் துளையின் நடுப்பகுதி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. மேடை உயரம் 33 அங்குலம், சிங்க் ஆழம் 10 அங்குலம் என்றால் சிங்க்கின் அடி 23 அங்குலத்தில் நிற்கும். துளையில் பொருத்தும் ஜாலியும் அதன் கீழ் இணைப்பான கப்ளிங்கும் சுமார் 4 அங்குலம், பாட்டில் ட்ராப்பின் (நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கும் பகுதி) வளைவுக்கு இன்னொரு 3 அங்குலம். ஆக, சுவர்த்துளை 16 அங்குலத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது 18 அங்குலத்தில் இருந்தால் 8 அங்குல ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். கிரானைட்டுக்கு அடியில் பதிக்கும் வகை என்றால் கல்லின் கனம் முக்கால் அங்குலத்தையும் சேர்த்துக் கழியுங்கள். இதைக் கவனிக்காமல் ஆழமான சிங்க் வைத்தால் ட்ராப்பிலிருந்து குழாய் மேல்நோக்கி ஏறும். தண்ணீர் தேங்கும், எண்ணெய்ப்பிசுக்கு படியும், சில வாரங்களில் நாற்றம் தொடங்கும். எந்த அடைப்பு நீக்கியாலும் அது தீராது.

ஆழம் முதுகையும் பாதிக்கும். தினமும் பாத்திரம் கழுவுபவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடட்டும். சிங்க்கின் அடி அவர் விரல்நுனிக்கும் கீழே போனால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குனிந்துதான் ஆக வேண்டும்.

படி 2: மேடையின் அகலம்

வழக்கமான மேடை 24 அங்குல அகலம். முன்பக்கம் 3 அங்குலக் கல் விட வேண்டும். இரண்டரைக்குக் குறைந்தால் வெட்டும்போதே விரிசல் விடலாம். பின்னால் தண்ணீர் திறக்கும் குழாயின் அடிப்பகுதிக்கு 3 அங்குலம். மிச்சம் 18. கடைகளில் '24-க்கு 18' அதிகம் கிடைப்பது இதனால்தான் வசதியாகிறது. 20 அங்குல அகல சிங்க்தான் வேண்டும் என்றால் குழாயைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அலமாரி இருந்தால் அதன் உள்ளளவையும் பாருங்கள். வெளியளவு 24 அங்குலமுள்ள அலமாரிக்குள் 24 அங்குல சிங்க் இறங்காது.

படி 3: பாத்திரங்கள்

செய்தித்தாளை சிங்க்கின் உள்ளளவுக்கு வெட்டித் தரையில் விரியுங்கள். 24-க்கு 18 என்பது வெளியளவு. உள்ளே சுமார் 22-க்கு 16 தான் இருக்கும். அதன்மேல் பிடியோடு குக்கர், இட்லிப் பானை, கிரைண்டர் பாத்திரம், தோசைக்கல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். நம் சமையலுக்கு இரண்டு சிறு தொட்டிகளைவிட ஒரே பெரிய தொட்டி நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. 37 அங்குல நீளமுள்ள சிங்க்கை இரண்டு தொட்டிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் தோசைக்கல் சாய்ந்துதான் நிற்கும்.

படி 4: எஃகின் தரம்

இங்கேதான் ஏமாறுபவர்கள் அதிகம். சிங்க்குக்கான துருப்பிடிக்காத எஃகில் 304 தரத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202 தரத்தில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான், மீதியை மாங்கனீசு ஈடுகட்டும். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி மின்னும். உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர் ஓடும் வீட்டில் 202 முதலில் விளிம்பிலும் ஜாலியைச் சுற்றியும் பழுப்புப் புள்ளி விடும்.

காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று நம்பாதீர்கள். 202-இலும் ஒட்டாது. எஃகின்மேல் ரசாயனச் சொட்டு விட்டு மாங்கனீசைக் கண்டறியும் சோதனையைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் '304' என்று எழுதி வாங்குங்கள். வீட்டு எஃகு சிங்க்குக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 13983.

தகடு 1 மி.மீ. கனமாவது இருக்கட்டும். தகட்டின் கனத்தைக் குறிக்கும் கேஜ் கணக்கில் எண் குறையக் குறையக் கனம் கூடும். 20 கேஜைவிட 18 கேஜ் தடிமன். அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் பாத்திரம் விழும் சத்தம் குறையும்.

எஃகுக்குப் பதில் குவார்ட்ஸ் (கல்தூளும் பிசினும் சேர்த்து வார்த்தது) சிங்க் என்றால் கீறல் தாங்கும். ஆனால் கருப்பு நிறத்தில் உப்புத்தண்ணீரின் வெள்ளைப்படலம் அப்படியே தெரியும். கனமான இரும்புச்சட்டி விழுந்தால் விளிம்பு பெயரக்கூடும்.

படி 5: துளையும் சரிவும்

துளை பின்மூலையில் இருந்தால் பாத்திரம் அதை மறைக்காது, அலமாரியிலும் இடம் மிஞ்சும். கடையில் சிங்க்கை மட்டமாக வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தட்டையான அடியுள்ள சதுரமூலை சிங்க்குகளில் தண்ணீர் ஓரத்தில் நிற்பதை அப்போதே பார்த்துவிடலாம். மூலைகள் சற்று வளைந்திருந்தால் தேய்க்க எளிது.

படி 6: பொருத்துதல்

சிங்க் கைக்கு வரும்வரை கல்லை வெட்ட விடாதீர்கள். பெட்டியில் வரும் அட்டை அச்சை வைத்தே கோடு போடச் சொல்லுங்கள். இணைப்பில் வெள்ளை சிமெண்ட் பூசினால் நாளடைவில் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கும். இடைவெளியை அடைக்கும் பசையில் நியூட்ரல் சிலிக்கான் வகையைக் கேளுங்கள். புளித்த வாடை அடிக்கும் வகை சில கற்களில் கறை விடும். 24 மணி நேரம் காயட்டும்.

அடியில் பதிக்கும் வகையைச் சிலிக்கானை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. 22-க்கு 16, 9 அங்குல ஆழம் என்றால் நிரம்பும்போது சுமார் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. கிளிப்போ பக்கத் தாங்கலோ கட்டாயம் வேண்டும்.

காய்ந்தபின் விளிம்புவரை நிரப்பி, கீழே காகிதம் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அடைப்பானை ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். நிற்கும் தண்ணீரில் கசியாத இணைப்பு, வேகமாகப் பாயும்போது கசிவதுண்டு. இந்தச் சோதனை முடிந்தபின் பிளம்பருக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.